இறந்த திகதி

அந்தப் பெண்ணைப் பொலிஸ் என்றே முதலில் நம்பினேன். பாரிஸ் லா சப்பலில் நான் வேலை செய்யும் கடையின் கண்ணாடியில் ஒட்டியிருந்த மரண அறிவித்தல்களை அவர் ஒவ்வொன்றாகப் படமெடுத்தார். பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிப் பல வருடமானதை என் கால்கள் மறந்துவிட்டன. குளிர் அறைக்குள் ஓடி, ஆட்டிறைச்சிக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"வெளியிலை வாடாப்பா, அது கனடாவிலையிருந்து வந்த பிள்ளை," என்றார் முதலாளி.

நீண்ட பின்னல் போட்ட, கியூபெக்கின் பூர்வகுடிப் பெண் அவர். பிரெஞ்சில் கேட்டார்:

"இவர்கள் எல்லோரும் காணாமல் போனவர்களா?"

"இல்லை, செத்தவர்கள். கீழே இருப்பது இறந்த திகதி."

"திகதி தெரியுமா?" என்று அதை விரலால் தடவினார்.

அவருடைய அண்ணனைக் கைக்குழந்தையாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். பிள்ளை திரும்பவில்லை. தாய் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறாராம்.

"இப்போது சட்டம் வந்துவிட்டது. காணாமல் போன பிள்ளைகளைப் பற்றி ஆஸ்பத்திரி எங்களுக்குத் தகவல் தர வேண்டும்."

"தந்தார்களா?"

"தேடுகிறோம் என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அதையே சொல்கிறார்கள்."

அதை நான் தமிழில் சொன்னதும் முதலாளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சட்டம் எழுதத் தெரிஞ்சவைக்கு ஒரு பிள்ளையை எங்கை தாட்டதெண்டு சொல்லத் தெரியாதோ?"

அதைப் பிரெஞ்சில் சொன்னேன். அவர் தலையாட்டினார். அண்ணன் இறந்தானா, இறந்திருந்தால் எங்கே புதைக்கப்பட்டான் என்பது அன்றுவரை அவருக்குத் தெரியாது.