மரச்சீனிக்குப் பின்னால் ஒரு பூப்பந்துக் களம்

நாலு பேர் பார்க்கிற இடத்தில் எனக்குக் கையும் காலும் ஓடாது. எங்கள் தேவாலயச் சபையில் பெண்களுக்கு எலுமிச்சை–கரண்டி ஓட்டம் வைத்தால், வெங்காயம் உரிக்க ஆள் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு சமையல் பக்கம் போய்விடுவேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் பூப்பந்து ஆடியிருக்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது, ஆட்டமும் நின்றது. ஐம்பதை நெருங்கும்போது ஓர் ஆசை வந்து உட்கார்ந்துகொண்டது. யார் கண்ணிலும் படாமல் மறுபடி ஆட வேண்டும்.

அதை மைனியிடம் சொன்னதுதான் தாமதம். மைனி என் அண்ணனின் மனைவி, அடுத்த வீடு. மறுநாளே தக்கலையிலிருந்து இரண்டு மட்டையும் மஞ்சள் கம்பளிப் பந்தும் வந்து இறங்கின.

வீட்டுக்குப் பின்னால் இடம் கிடந்தது. மூன்று பக்கம் மதில். நாலாவது பக்கம் சபைக்குப் போகிற பாதை. பாதையை மறைத்து, ஆள் உயரத்துக்கு மேல் மரச்சீனி, அதுதான் மரவள்ளி, நின்றது. திரை போட்ட மாதிரி. எனக்கு வேறென்ன வேண்டும்?

என் வீட்டுக்காரர் துபாயில் தரை போடுகிற வேலை பார்த்துத் திரும்பியவர். "சிமிண்டு வேண்டாம், ஒங்க முட்டி தாங்காது" என்று எங்கள் வயதை நினைவூட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார். செம்மண்ணைக் கொத்தி, கல்லும் வேரும் பொறுக்கி, பாறைப்பொடி கலந்து, தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்தார். பிறகு தண்ணீர் நிரப்பிய குழாயைப் பிடித்து மூலைக்கு மூலை மட்டம் பார்த்தார். கடைசியில் நடுவில் ஒரு கோலிக்குண்டை வைத்தார். அது அசையவில்லை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அந்த வாரமே எடவப்பாதி மழை, ஜூன் மாசத்துப் பருவமழை, பிடித்தது. விட்டதும் போய்ப் பார்த்தால் களம் முழுக்கக் கணுக்கால் தண்ணீர். ஓரத்தில் ஒரு தவளை, வீட்டுக்குச் சொந்தக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தது.

மைனி மதிலுக்கு மேல் தலையை நீட்டினார். "அண்ணே, இது பந்தடிக்கவா, வாத்து வளக்கவா?"

"துபாயில நான் போட்ட ஒரு தரையிலயும் தண்ணி நின்னதில்ல, கேட்டியா?"

"அங்க மழையே கெடையாதே, அண்ணே!"

வீட்டுக்காரர் நேராக உள்ளே போய்ச் சாயா குடித்தார். நான் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

மண் காய்ந்ததும் எல்லாவற்றையும் கிளறி மறுபடி போட்டோம். இந்த முறை வலை வரும் இடத்தைக் கொஞ்சம் தூக்கி, இரண்டு பக்கமும் சரிவு. சரிவு முடியும் இடத்தில் வாழையின் அடிமூட்டுக்கு ஒரு சின்ன ஓடை. அடுத்த மழைக்கு மூன்று பேரும் அடுக்களை வாசலில் நின்று பார்த்தோம். தண்ணீர் நடுவிலிருந்து பிரிந்து, சொன்னபடி கேட்கிற பிள்ளைகள் போல இரண்டு பக்கமும் ஓடியது. சாயங்காலம் கால் வைத்தால் ஒட்டவில்லை. நான் கைதட்டினேன். தவளை வேறு வீடு பார்த்துப் போயிருந்தது. சுண்ணாம்புக் கோடு மட்டும் மழையில் கரைந்துவிட்டதால், கோட்டுக்குப் பதில் கயிற்றை இழுத்து முளை அடித்தோம்.

வலைக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் குளச்சல் கடற்கரைக்குப் போய், ஒரு பழைய மீன்வலைத் துண்டைக் கேட்டு வாங்கி வந்தார். சோப்புப் போட்டு அலசி, இரண்டு கமுகுத் தடிகளுக்கு நடுவில் கட்டினோம். மறுநாள் காலையில் ஊர்ப் பூனைகள் எல்லாம் வலைக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தன. அது போகட்டும். பெரிய மீனுக்கான வலை அது. பந்து சில சமயம் கண்ணிக்குள்ளே புகுந்து அந்தப் பக்கம் போய்விடும். மேலே போனதா, ஊடே போனதா என்று தினமும் வழக்கு.

ஆனாலும் பந்து மட்டையில் 'டொப்'பென்று பட்ட முதல் நாளில் எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. ஆவியில் வெந்த புட்டு மாதிரி பொலபொலவென்று இருந்தேன். மைனியைத் தினமும் தோற்கடித்தேன்.

ஒரு சனிக்கிழமை சந்தைக்குப் போய் வந்து பின்பக்கம் போனால், மரச்சீனியைக் காணவில்லை! பாதை பளிச்சென்று தெரிந்தது. கிழங்கு ஒரு மூலையில் குவிந்து கிடந்தது.

"என்ன செஞ்சு வச்சிருக்கிய?"

"வெளஞ்ச கெழங்கப் புடுங்காண்டாமா? பிந்தினா நாராப் போவும்ட்டி" என்றார் வீட்டுக்காரர், மண் கையோடு.

சனிக்கிழமைதோறும் பெண்கள் ஜெபக்கூட்டம் முடிந்து எல்லாரும் அந்தப் பாதையில்தான் வருவார்கள். இனி ஆட்டமே வேண்டாம் என்று மட்டையைச் சாக்கில் போட்டேன்.

"சரி மக்கா" என்றார் ஆட வந்து நின்ற மைனி. "கடைசி ஆட்டம் நான் ஜெயிச்சதா ஊருல சொல்லிக்கிடுதேன்."

"ஆடாம எப்பிடி ஜெயிப்பிய?"

"பயந்தவள ஜெயிக்க ஆடணுமாக்கும்?"

மட்டையை வெளியே எடுத்தேன். பாதைக்கு முதுகைக் காட்டி நின்றால் யாரையும் பார்க்க வேண்டாம் என்று ஆடத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் பாதை மறந்துபோனது. பாதி ஆட்டத்தில் பக்கம் மாறியதுகூட நினைவில்லை. எனக்கு ஒரு புள்ளி போதும் என்ற நிலையில் ஓங்கி அடித்தேன். பந்து அந்தப் பக்கம் விழுந்து, சரிவில் உருண்டு, வாழை மூட்டில் போய் நின்றது.

"ஊட போச்சு!" என்றார் மைனி.

"மேலதான் போச்சு!"

"கண்ணிக்குள்ளதான் போச்சு, நான் பாத்தேன்!"

"மேல! மேல! மேலதான் போச்சு!" என்று கத்தினேன். என் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருப்பது எனக்கே தெரியாது.

"மேலதான் போச்சு, நாங்க கண்டோம்!"

பாதையிலிருந்து குரல். நிமிர்ந்து பார்த்தால், வேதப்புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜெபக்கூட்டமே வரிசையாக நிற்கிறது. எவ்வளவு நேரமாகவோ! சேலையை இடுப்பில் சொருகி, தலை கலைந்து, மண் அப்பிய காலோடு நான். காது இரண்டும் சுட்டன. வீட்டுக்குள் ஓடிவிடலாம் என்று ஒரு கால் திரும்பியும்விட்டது.

"சாட்சி சொல்லியாச்சு, மைனி" என்றேன், திரும்பின காலை மறுபடி களத்தில் ஊன்றி. "பந்தை எடுங்க. அடுத்த ஆட்டத்துக்கு சர்வீஸ் எனக்கு."