யானை வராத விபத்து

எங்கள் ஏழாம் வாய்க்கால் றோட்டில் கார் ஓடுகிற ஒரே பெண் விமலேஸ்வரி. எனக்கு விமலாக்கா. ஐம்பத்தொரு வயதில் லைசென்ஸ் எடுத்தவள். மூன்று மாடுகளை விற்றுப் பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஹயர் ஓடத் தொடங்கியபோது, அவளுடைய புருஷன் ஏரம்பண்ணை, "செத்தாலும் உதில ஏறமாட்டன்" என்று சபதமே செய்தார். நான்கு வருடமாக ஏறவுமில்லை. கிளிநொச்சிச் சந்தைக்கு அவர் சைக்கிளில் போவார். விமலாக்கா வேண்டுமென்றே பாம் பாமென்று கோன் அடித்துக்கொண்டு முந்திப் போவாள். கொழுப்புத்தான், வேறென்ன!

என் தங்கச்சி தேனுகாவுக்கு வலி கண்டபோது ஆஸ்பத்திரிக்குப் பறந்ததும் அந்தக் கார்தான். அதைப்பற்றி யாராவது ஒரு சொல் குறைவாகச் சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

போன மாசியில் காலபோக நெல் வெட்டி முடிந்திருந்தது. நெல் காயவிட எங்களுக்குத் தார் றோட்டைவிட நல்ல இடம் கிடையாது. சட்டம் என்ன சொல்கிறது என்று என்னிடம் கேட்காதீர்கள். ஒரு பக்கம் என் நெல், எதிர்ப்பக்கம் விமலாக்காவின் நெல், நடுவில் வாகனம் போக வழி. நெல்லில் வாகனச் சில்லு ஏறாமல் ஓரமாகக் கல் வைப்போம்.

பகல் பன்னிரண்டு மணிக்கு விமலாக்கா ஹயர் முடித்து வந்தாள். திடீரென்று ஒரு மாடு குறுக்கே பாய்ந்தது. வலப்பக்கம் வெட்டினால் என் நெல், இடப்பக்கம் வெட்டினால் தன் நெல். தன் பக்கமே வெட்டினாள், என் ராசாத்தி! அடுத்த நொடி டமார் என்றது. தன் நெல்லுக்குக் காவலாகக் கிடந்த கல்லில் தானே கொண்டுபோய் அடித்திருந்தாள். பம்பர் கழன்று தொங்கியது. காருக்கடியில் ஒயில் ஒழுகியது.

இன்சூரன்ஸுக்குப் போன் எடுத்தோம். ஆள் வந்து படம் எடுக்கும்வரை காரை அசைக்க வேண்டாம் என்றார்கள். அதற்குள் ஏரம்பண்ணை வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சொந்தக் கல்லில சொந்தக் காரை அடிச்சால் எவன் இன்சூரன்ஸ் தருவான்? தரேல்லையெண்டால் இண்டைக்கே இதை இரும்புக்காரனுக்கு வித்துப்போடுறது."

விமலாக்காவின் முகம் செத்துப்போனது. அந்தக் கார் போனால் அவள் பாதி ஆள்தான்.

"அக்கா, யானை குறுக்க வந்ததெண்டு சொல்லுவம், யானையெண்டால் காசு தருவாங்கள்" என்றேன் காதுக்குள்.

"போடி விசரி!"

ஒரு மணி நேரத்தில் இன்சூரன்ஸ் தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். பெயர் கிருசாந்தன். படமெல்லாம் எடுத்துவிட்டு, "எப்பிடி நடந்தது அன்ரி?" என்றான்.

விமலாக்கா வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "யானை தம்பி! காட்டு யானை! குறுக்க வந்து நிண்டது!"

அவன் றோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தான். "பட்டப்பகலிலயோ? இவ்வளவு நெல்லுக் கிடக்க, ஒரு வாயும் தின்னாமல் போட்டுதோ?"

"அது... வயிறு சரியில்லாத யானையாக்கும்."

வேடிக்கை பார்க்கக் கூடி நின்ற சனம் முழுக்கச் சிரித்தது. விமலாக்கா என்னைத் தள்ளிவிட்டு முன்னுக்கு வந்தாள்.

"அவளின்ரை கதையை விடுங்கோ தம்பி. வந்தது மாடு. வெட்டினது நான். கல்லும் என்ரை, நெல்லும் என்ரை, காரும் என்ரை. ஆனால் ஒண்டுதான் விளங்கேல்லை. காலமை நான் கல்லை வைச்சது அங்க, அந்தக் கரையில. பாருங்கோ, இப்ப மூண்டு அடி றோட்டுக்குள்ள கிடக்கு!"

"கல்லுக்குக் கால் முளைச்சிட்டுதோ?" என்றான் அவன்.

ஏரம்பண்ணை இருமினார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"நான்தான் நகத்தினனான். இன்னும் ரண்டு மூட்டை நெல்லுப் பரவலாமெண்டு..."

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல! நான் நெல்லிலேயே இருந்து சிரித்தேன். தம்பியின் பேனை கைநழுவி விழுந்தது. விமலாக்கா மட்டும் சிரிக்காமல் புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

"அன்ரி, நீங்கள் எடுத்திருக்கிறது முழு இன்சூரன்ஸ்" என்றான் கிருசாந்தன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உங்கட கை தவறினாலும் கிடைக்கும். உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ, அதுவே காணும். யானையெண்டு எழுதியிருந்தால்தான் ஒண்டும் வந்திராது."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. போகட்டும்.

கராஜுக்குக் கொண்டுபோகக் காரை ட்ரக்டரின் பின்னால் கட்டினோம். விமலாக்கா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மற்றக் கதவைத் திறந்துவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, ஏறுங்கோ. அந்தக் கல்லையும் தூக்கிக்கொண்டு ஏறுங்கோ. அது இனி இந்த றோட்டில கிடக்கப்படாது."

ஏரம்பண்ணை எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். கல்லைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஏறினார்.

"காரை விக்கிற கதை என்ன மாதிரி?" என்றாள் விமலாக்கா.

"ஆர் விக்கப்போகினம்? சும்மா ஓடு."

விமலாக்கா கோன் அடித்தாள். வாய்க்கால் முடியும்வரை கையை எடுக்கவேயில்லை. "மெல்ல, மெல்ல!" என்று ஏரம்பண்ணை கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்துவது எங்களுக்குக் கேட்டது. ட்ரக்டர் நடை வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது.