கொக்கு தூக்கிய ஆறு முளைகள்

கொக்கை முதன்முதலில் பார்த்தபோது நான் சிரித்தேன். என் தங்கையின் கணவர் அதைச் சாக்கில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு, மொரப்பூரில் இருக்கும் எங்கள் ஷாமியானா கடைக்குள் வந்து, சுவரில் சாய்த்து வைத்தார். ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புத் தண்டு. அதன் அடியில், பந்தல் கயிறு கட்டும் முளையின் தலை அடங்கும்படி ஒரு கிண்ணம். தண்டின் மேல் ஏறி இறங்கும் கனமான உருளை, அதற்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. உருளையைத் தூக்கி விட்டால் அது விழுந்து முளையைத் தரைக்குள் இறக்கும். பிடுங்குவதற்கு வேறு ஏற்பாடு. அடியில் மடக்கியிருக்கும் சதுரத் தட்டை விரித்துத் தரையில் ஊன்றி, பக்கத்திலிருக்கும் நீளமான நெம்புகோலை அழுத்தினால், ஒரு கொக்கி முளையின் கழுத்தைக் கவ்வி நேராக மேலே இழுத்துவிடும். அது தலையைத் தாழ்த்தி நிமிர்வதைப் பார்த்த எங்கள் ஆள் ஒருவர், “கொக்கு மீன் புடிக்கிற மாதிரியே இருக்குதுங்க” என்றார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

“இதுக்குப் பதிலா நல்ல சம்மட்டி ஒண்ணு வாங்கியிருக்கலாமே மாப்ள” என்றேன் நான். அவரும் சிரித்தார். எதைச் சொன்னாலும் முதலில் சிரித்துவிட்டுப் பிறகுதான் பதில் சொல்வது அவர் வழக்கம். அன்று கடைக்குப் பின்னால் இருந்த கெட்டித் தரைக்குப் போய், யாரும் பிடிக்காமலே ஒரு முளையை நிறுத்தி, எட்டு ஒன்பது இடியில் இறக்கிக் காட்டினார். பிறகு நெம்புகோலை இடது கையால் அழுத்தி அதே முளையை மேலே எடுத்தார்.

யாரும் பிடிக்காமல் என்பதுதான் அதில் முக்கியம். ஷாமியானா வேலையில் ஒருவர் குனிந்து முளையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். மாப்பிள்ளை கடைக்கு வேலைக்கு வந்த இரண்டாம் வருடம், முளையைப் பிடித்திருந்தபோது சம்மட்டி வழுக்கி அவருடைய வலது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. அதற்குப் பிறகு சம்மட்டியைத் தூக்க முடியாமல் துணி மடிப்பது, ஜெனரேட்டர் பார்ப்பது, நாற்காலி அடுக்குவது என்று இருந்தார். ஆட்கள் வெயிலில் அடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு ஓரமாக நின்று முளையைப் பிடித்திருக்கும் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். வெல்டிங் தெரிந்தவர். பழைய பம்பு செட்டின் தண்டையும், காயலான் கடையில் கிடைத்த லாரி உதிரிகளையும் வைத்து நான்கைந்து மாதம் வீட்டிலேயே உட்கார்ந்து கொக்கைச் செய்திருந்தார்.

என் சிரிப்பு சீக்கிரமே நின்றது. இரண்டு பேர் செய்த வேலையை ஒருவர் செய்தார். ஒருமுறை ஆள் வராத நாளில் என் தங்கையே வந்து சேலையைச் செருகிக்கொண்டு ஒரு பக்கத்து முளைகளை முழுவதும் இறக்கினாள். “அண்ணா, மாவு ஆட்டுறதுக்கு இது தேவலாம்” என்று அவள் சொன்னதும், அவர் முகத்தில் தெரிந்த பெருமையும் நினைவிருக்கிறது. விசேஷ வீடுகளில் பெரியவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். கடைக்குப் போன் செய்கிறவர்கள் சிலர், “அந்தக் கொக்கு வெச்சிருக்கறவரு வருவாருங்களா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். பெயர்ப்பலகையில் இருப்பது என் பெயர். அந்தக் கேள்வி எனக்கு உறுத்தியது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அப்போது கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

அந்தச் சித்திரையில் பொம்மிடிக்குப் பக்கத்தில் ஒரு காதுகுத்து. தோட்டத்து நடுவில் பெரிய ஷாமியானா. முந்தைய நாளே மாப்பிள்ளை போய், மலையைப் பார்த்த பக்கத்தில் காற்று வரும் என்று வழக்கத்தைவிட நெருக்கமாக முளை இறக்கியிருந்தார். காதுகுத்து நாளன்று மாலையே மொரப்பூரில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்கும் நான் ஒப்புக்கொண்டிருந்தேன். இரண்டு பந்தலுக்கும் சேர்த்து முளை போதாது என்று எனக்கு முன்பே தெரியும். வந்த விசேஷத்தை இல்லை என்று சொல்லி இன்னொரு கடைக்கு அனுப்ப மனம் வரவில்லை.

மதியம் வேனை எடுத்துக்கொண்டு பொம்மிடிக்குப் போனேன். எல்லோரும் பந்தியில் இருந்தார்கள். ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க மாப்பிள்ளை ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். பந்தலின் பின்பக்கம், மலையைப் பார்த்த பக்கம்தான், ஆள் நடமாட்டம் இல்லாமல் இருந்தது. ஓரமாகக் கிடந்த கொக்கைத் தூக்கிக்கொண்டு போய், ஒன்று விட்டு ஒன்றாக ஆறு முளைகளை எடுத்தேன். அவிழ்ந்த கயிறுகளை மிச்சமிருந்த முளைகளில் இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டினேன். கடப்பாரை மட்டும் இருந்த காலமாக இருந்தால் அதற்கு இரண்டு ஆளும் அரை மணி நேரமும் ஆகியிருக்கும், சத்தம் கேட்டு யாராவது எட்டிப் பார்த்திருப்பார்கள். கொக்கு சத்தமே இல்லாமல் எடுத்துக் கொடுத்தது. முளைகளை வேனில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வானம் வெளுப்பாக இருந்தது, இலைகூட அசையவில்லை. அதைப் பார்த்துத்தான் துணிந்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் வானத்தைப் பார்த்தது முளைகளை எடுத்த பிறகு.

மொரப்பூரில் பாதிப் பந்தல் கட்டியிருந்தபோது அவருடைய போன் வந்தது.

“மச்சான், கோடக்காத்து அடிச்சி பந்தல் சாஞ்சிருச்சுங்க. ஒரு அம்மாவுக்குக் கால் மேல பைப்பு வுழுந்திருச்சு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சு. சீக்கிரம் வாங்க.”

நான் போய்ச் சேர்ந்தபோது துணி முழுவதும் மாமரங்களின் மேல் கிழிந்து தொங்கியது. அடிபட்டவர் விசேஷ வீட்டுக்காரரின் அக்கா. காது குத்திய குழந்தைக்கு அத்தை. வந்தவர்களுக்குத் தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்தவர் மேல்தான் அந்தப் பக்கத்துக் கம்பம் விழுந்திருந்தது. வீட்டுக்காரரும் உறவுக்காரர்களும் மாப்பிள்ளையைச் சூழ்ந்து நின்றார்கள். “என்னாய்யா பந்தல் போட்டீங்க? உசிரு போயிருந்தா யாரு பதில் சொல்றது?” என்று ஒருவர் அவருடைய சட்டையைப் பிடித்திருந்தார். அவர் அந்தக் கையை விலக்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் எதைப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. காற்று பிடுங்கிய முளைகள் மண்ணைக் கிழித்துச் சாய்வாகப் போயிருந்தன. அவற்றுக்கு இடையில் ஆறு குழிகள் மட்டும் வட்டமாக, ஓரம் சிதையாமல் இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கொக்கின் தட்டு அழுந்திய சதுரத் தடம். கொக்கைச் செய்தவருக்கு அந்தத் தடம் தெரியாமல் இருக்குமா? அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். உண்மையைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம். அந்த நேரத்தில் நான் சொன்னது இது: “நான் அப்பவே சொன்னனுங்க. மெஷின்ல அடிக்கிற முளை நிக்காது, சம்மட்டியில அடிங்கன்னு. கேக்கலீங்க.”

சொல்லிக்கொண்டே விழுந்த இடத்தைப் பார்வையிடுகிறவனைப்போல நடந்து, அந்த ஆறு குழிகளையும் தடங்களையும் செருப்புக் காலால் மிதித்துக் கலைத்தேன். கூட்டத்தில் யாரோ அவருடைய கோணல் கையைக் காட்டி, “கை வெளங்காதவன வேலைக்கு வெச்சா இப்பிடித்தான்” என்றார். அதையும் நான் மறுக்கவில்லை.

ஆஸ்பத்திரிச் செலவை நானே ஏற்றுக்கொண்டேன். அதனால் தங்கமான மனுஷன் என்று எனக்கு ஊரில் பெயர் வந்தது. என் தங்கையே அவரிடம், “உங்க கிறுக்கு வேலையால எங்கண்ணன் தலகுனிஞ்சி நின்னுட்டாரு” என்று சொல்லி அழுதாளாம். ஒரு வாரம் கழித்துக் கடைச் சாவியை என் மேசையில் வைத்துவிட்டு, “மாரண்டஹள்ளியில ஒரு லேத்து பட்டறையில கூப்புடறாங்க மச்சான், போய்ப் பாக்கறேன்” என்றார். குடும்பத்தோடு போய்விட்டார். கொக்கை எடுத்துப் போகவில்லை. நான் அதைக் குடோனில் போட்டுப் பூட்டினேன். ஆனால் அடுத்த முகூர்த்தச் சமயத்தில் ஆள் கிடைக்காமல் திண்டாடியபோது அதை வெளியே எடுத்தேன். தருமபுரியில் ஒரு பட்டறையில் கொடுத்து அதேபோல மூன்று செய்து வாங்கினேன். யாராவது கேட்டால், “நம்ம கடையில செஞ்சதுங்க” என்பேன். அதில் பொய் இல்லை என்பதுபோல ஒரு தொனியும் பழகியிருந்தேன்.

போன வருடம் தங்கை மகளின் நிச்சயதார்த்தம் மாரண்டஹள்ளியில் நடந்தது. தாய்மாமன் என்ற முறையில் பந்தல் என் செலவு. வேனிலிருந்து சாமான்களை இறக்கும்போது மாப்பிள்ளை வந்து புதுக் கொக்கு ஒன்றைக் கையில் எடுத்தார். தண்டைத் தடவிப் பார்த்தார், கவிழ்த்துக் கிண்ணத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

“கிண்ணத்த இன்னும் கொஞ்சம் ஆழமா வெச்சிருக்காங்க மச்சான். நல்லா இருக்குது” என்றார்.

அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். விசேஷம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு முளை, கொக்கு, மிதித்தது, எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தார்.

“தெரியுமுங்க மச்சான். தட்டோட தடம் இருந்துதுல்ல. நீங்க மிதிச்சதயும் பாத்தேன்.”

“அப்பறம் ஏன் மாப்ள அன்னிக்கே சொல்லல?”

“நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். அங்க சொல்லல. சரி, மறுநாளு வூட்டுக்கு வருவீங்கன்னு நெனச்சேன். வேலைக்கிப் போகாம ரெண்டு நாளு வூட்டுலயே இருந்தேன். அப்பறம் பழகிப் போச்சுங்க.” பிறகு, “இத எங்கிட்ட சொல்லி என்னாங்க ஆவும்? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டச் சொல்லுங்க” என்றார்.

அன்று மாலையே தங்கையிடம் சொன்னேன். அவள் உள்ளே போய் அவருக்கு ஒரு தட்டில் சோறு போட்டுக் கொடுத்தாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

பொம்மிடிக்குப் போக எனக்கு அதற்குப் பிறகும் மூன்று மாதம் ஆயிற்று. ரயிலில் சின்னத் தொலைவுதான். காலில் அடிபட்ட அந்த அம்மாவின் வீட்டைக் கண்டுபிடிப்பதும் கஷ்டமாக இல்லை. வாசலில் ஒரு தாழ்ந்த பெஞ்சில் உட்கார்ந்து, பழுத்த புளியைச் சின்னச் சுத்தியலால் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் அடையாளம் தெரிந்து, உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றபடி, அவருக்கு முன்னால் குவிந்திருந்த புளியைப் பார்த்துக்கொண்டே, வழி முழுவதும் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொல்லி முடித்தேன். அவருடைய சுத்தியல் நின்றுவிட்டது.

“அப்போ அந்தத் தம்பி மேல தப்பு இல்லீங்களா?”

“இல்லீங்கம்மா. நான்தான்.”

“அட கடவுளே” என்று தன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். “அந்தத் தம்பி இங்க வந்துட்டிருந்தாருங்க. மாசத்துக்கு ஒருக்கா, ஒரு வருசம் பூரா வந்தாரு. பன்னோ பழமோ எதயாச்சும் வெச்சிட்டு, காலு எப்பிடிம்மா இருக்குதும்பாரு. வர்றப்பெல்லாம் திட்டுவேன். நான் காட்டுல களை வெட்டிப் பொழச்சவங்க. குத்துக்காலிட்டு உக்கார முடியாமப் பண்ணிட்டியேடான்னு பேசுவேன். உன் கை வெளங்காமப் போவட்டும்னு ஒருக்கா சொல்லிப்புட்டேன். அவரு கையக் காட்டி, ‘அது ஏற்கெனவே அப்பிடித்தாம்மா இருக்குது’ன்னு சிரிச்சாருங்க.”

அவர் அங்கே போய் வந்தது எனக்குத் தெரியாது. என் தங்கைக்கும் தெரிந்திருக்காது. மாரண்டஹள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி, தான் செய்யாத ஒன்றுக்காகத் திட்டு வாங்க ஒரு மனிதர் மாதாமாதம் போயிருக்கிறார். நான் பணத்தை அனுப்பியதோடு சரி, ஒருமுறைகூட அந்த வாசலில் வந்து நின்றதில்லை.

“அவரு நம்பரு இருக்குதுங்களா? போட்டுக் குடுங்க” என்றார் அந்த அம்மா. கையெல்லாம் புளி ஒட்டியிருந்ததால், நானே அழைத்துப் போனை அவருடைய காதருகில் பிடித்துக்கொண்டேன். “தம்பி, நாந்தாம்ப்பா, பொம்மிடி” என்று ஆரம்பித்தார். “நல்லாருக்கியா? புள்ளைங்க நல்லாருக்குதா? அந்த மாதிரி பேசியிருக்கக் கூடாதுப்பா நான்” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் அவர் சிரிக்கும் சத்தம் எனக்கும் கேட்டது. என்னை அந்த அம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தே வந்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு ஆளாகத்தான் நான் அங்கே இருந்தேன். பேசி முடித்ததும், “உங்ககிட்டப் பேசணுமாம்” என்று தலையை விலக்கிக்கொண்டார்.

“போயிட்டீங்களா மச்சான். நல்லதுங்க” என்றார் மாப்பிள்ளை. பிறகு, “அவங்க காலு இப்போ எப்பிடி இருக்குது? வீக்கம் கொறஞ்சிருக்குதா, பாத்தீங்களா?” என்று கேட்டார்.

நான் பார்க்கவில்லை. வந்ததிலிருந்து புளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். “இருங்க மாப்ள” என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்தபடியே அந்த அம்மாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.