பல் பிடுங்கப் போன இடத்தில்

தோழிகளே, இன்று ஒருவழியாக என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று! உங்கள் நாலு பேருக்கும் தனித்தனியாகக் கார்டு போடுகிறேன். அவ்வளவு பெருமை.

ஆறு மாதமாகக் கிராம்புத் தைலத்திலேயே காலம் தள்ளினேன். பல் டாக்டர் என்றாலே கை நடுங்கும். இன்று கன்னம் வீங்கியதும் என் வீட்டுக்காரர் ஜட்காவில் ஏற்றித் தம்பானூரில் இருக்கும் மலையாளப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனார்.

"பயப்படாதேடி, நான் பக்கத்திலேயே இருக்கேனோல்லியோ?" என்று வழியெல்லாம் தைரியம் சொன்னார்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் ஊசியை எடுத்தார்.

தொப்பென்று ஒரு சத்தம். மயங்கி விழுந்தது அவர்!

"ஐயோ, ஏன்னா!" என்று இறங்கி ஓடி, முகத்தில் தண்ணீர் தெளித்து, முந்தானையால் விசிறினேன். அவர் கண் விழித்தபோதுதான் என் கை நடுங்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

"சாரமில்லம்மா, ஒண்ணும் ஆகல்ல. இனி ஆருக்கு முதல்ல பார்க்கணும்?" என்று டாக்டர் சிரித்தார்.

"எனக்கே பிடுங்குங்கோ" என்று நானாகவே ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தேன்.

"உள்ளே ஒரே புழுக்கம், அதான்" என்கிறார் வீட்டுக்காரர்.

இப்போது அவருக்கும் ஒரு பல் ஆடுகிறதாம். என் ஒருத்தியால் தாங்கிப் பிடிக்க முடியாது. உங்களில் யார் வருகிறீர்கள்?