டெல்லிக்கு அடித்த நன்றி பேனர்

இன்று அப்புத்தளை பஸ்ஸில் எங்கள் தோட்டத் தலைவர் போனை நீட்டினார். இந்திய மாநிலங்களவையில் ஓர் உறுப்பினர் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தொழிலாளர்களின் லய வீடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா தம்பி, டெல்லியிலயே நம்ம லயத்தப் பத்திப் பேசிட்டாங்க. நன்றி பேனர்கூட அடிச்சாச்சு."

நான் மண்சரிவு அளக்கும் வேலை பார்ப்பவன். லயத்துக்கு மேலே மலைச்சரிவில் காலையில் எடுத்த வெடிப்பின் படத்தைக் காட்டினேன்.

"நேத்து இந்த வெடிப்புக்குள்ள விரல்தான் நுழைஞ்சுச்சு. இன்னைக்குக் கையே நுழையுது. எல்லாரையும் கோயில் மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, தலைவரே."

"நல்ல சேதி வந்த நேரத்துல பயமுறுத்தாதீங்க."

"பேனர் கட்ட ஆள் இருக்கணும்ல?"

பஸ் பெரகல சந்தியில் நின்றது. தலைவர் படத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு மனைவிக்குப் போன் போட்டார். "புள்ளைகளக் கூட்டிக்கிட்டு மண்டபத்துக்குப் போ. அடுத்த வீட்டுக்கும் சொல்லு."

இப்போது எல்லாரும் மண்டபத்தில். மழை விடவில்லை. கூரை ஒழுகும் இடத்தில் அந்த பேனரைக் கட்டியிருக்கிறோம்.

உறுப்பினரைத் தெரிந்தவர்கள் யாராவது சொல்லிவிடுங்கள்: பேனர் ஓரளவு மழையைத் தாங்குகிறது.