கழுவிய நிலைக்கால்

சோப்புத் தண்ணீரில் ஊறிய மஞ்சளின் வாசனை எனக்கு இன்றைக்கும் ஆகாது. கண்டி நகரில் அப்பாவின் புடைவைக் கடைக்கு மேல்மாடியில் நாங்கள் குடியிருந்தோம். வெள்ளிக்கிழமை தோறும் அம்மா கடையின் நிலைக்கால்களுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார். பழையதைத் துடைக்காமல் அதன் மேலேயே பூசுவதுதான் எங்கள் வழக்கம். துடைத்தால் 'லட்சுமி போயிருவா' என்பார்கள். வருடக்கணக்காக ஏறிய மஞ்சள் காரை போலத் தடித்துக் கிடந்தது.

எனக்கு அப்போது பதினொரு வயது. இங்கிலீஷ் டீச்சர் வாரம் ஒரு மரபுத்தொடரைக் கொடுத்து, பொருளும் சொந்த வாக்கியமும் எழுதச் சொல்வார். அந்த வாரம் வந்தது 'ஸ்டிக் அவுட் லைக் எ சோர் தம்ப்'. காயம்பட்ட பெருவிரல் மற்ற விரல்களோடு சேராமல் துருத்திக்கொண்டு நிற்பது போல, சுற்றியிருப்பவற்றோடு ஒட்டாமல் எல்லார் கண்ணையும் இழுப்பது என்று பொருள். அழகால் கண்ணை இழுப்பதற்கு இது பொருந்தாது என்றும் டீச்சர் எச்சரித்தார். கல்யாண வீட்டுக்குப் பள்ளிச் சீருடையில் வந்த சித்தப்பா மகளை வைத்து நான் எழுதிய வாக்கியத்துக்கு முழு மார்க் கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொழும்பில் தமிழர்களுக்கு எதிரான கலவரம் வெடித்த மூன்றாம் நாள் காலை, கடுகண்ணாவையிலிருந்து வந்த லொறிக்காரர், வழியெல்லாம் தமிழ்க் கடைகளாகப் பார்த்து எரிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா பெயர்ப்பலகையைக் கழற்றினார். அம்மா நெற்றிப் பொட்டை அழித்தார். அதிமேதாவியான நான் நிலைக்காலைக் காட்டி, "அப்பா, இதுதான் கண்ணுல குத்துது, கழுவிடலாம்" என்றேன். அம்மா தயங்கினார்; அப்பா சரியென்று தலையசைத்தார். தேங்காய்த் தும்பும் சோப்புமாக மூவரும் மரம் வெளுக்கும் வரை தேய்த்தோம்.

அவர்கள் வந்தபோது தெரு முழுக்க பஸ் புகை படிந்த கறுத்த நிலைகள் இருக்க, எங்களுடையது மட்டும் ஈரம் சொட்டச் சொட்ட வெளுத்து நின்றது. நானும் அப்பாவும் மாடி ஜன்னல் இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தோம். கடையைத் தாண்டிப் போய்விட்ட கூட்டத்திலிருந்து ஒருவன் திரும்பி வந்து, நிலையைத் தடவி முகர்ந்து பார்த்தான், பிறகு மற்றவர்களைக் கூப்பிட்டான். பலகைக் கதவில் கோடரி இறங்கியது. நானும் அம்மாவும் பின்பக்கமாகப் பக்கத்துப் பேக்கரிக்காரர் வீட்டுக்குள் ஏறிக்கொள்ளும் வரை அப்பா கீழே போய்க் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றார். பலகை பிளந்து, இரும்புக் கம்பி அவர் மேல் விழுந்த சத்தம் சுவருக்கு அப்பால் இருந்த எங்களுக்குக் கேட்டது, அது சட்டென்று நிற்கவில்லை. புடைவைக் கட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். சிங்களவரான பேக்கரிக்காரர் புகைக்குள் புகுந்து அப்பாவை இழுத்து வந்தபோது, வலது கண் இருந்த இடத்தில் ரத்தம்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் நான் அழுதபோது அப்பா சொன்னார்: "கழுவாம விட்டிருந்தாலும் வந்திருப்பானுங்கம்மா."

அவர்கள் தாண்டிப் போனதை அவரும்தான் பார்த்தார்.

அந்தத் தெருவில் இப்போது பலகைக் கதவு ஒன்றுகூட இல்லை. எல்லாம் இரும்பு ஷட்டர். பொட்டு வைக்க மரமே கிடையாது. அப்பா அதற்குப் பிறகு பல வருடங்கள் ஒற்றைக் கண்ணோடு வாழ்ந்தார். நான் கேட்டபோதெல்லாம் அந்தப் பொய்யை அலுக்காமல் சொன்னார். ஒரு நாளும் நான் நம்பியதில்லை, ஆனாலும் கேட்காமல் இருக்க முடிந்ததில்லை. இப்போது அதைச் சொல்ல ஆள் இல்லை.