பூட்டியாச்சு

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் தியாகுவின் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடைக்கு வண்டி கொண்டுவந்த எல்லோரும் ஒருமுறையாவது அவரைத் திட்டியிருப்பார்கள். அரை மணித்தியால வேலைக்கு இரண்டு மணித்தியாலம் எடுப்பார். பக்கக் கண்ணாடி மாற்ற வந்தவனின் பிரேக்கையும் அழுத்திப் பார்ப்பார். பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரிப் பார்க்கிறானே மனுசன் என்று வாசலில் நின்று முணுமுணுப்பார்கள். முணுமுணுத்தவர்களே அடுத்த முறையும் அங்கேதான் வருவார்கள். ஜிந்துப்பிட்டியில் பிறந்து பதினாறு வயதில் ஸ்பேனர் பிடித்தவர், நாற்பத்தாறு வயதுவரை கலியாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. கேட்டால், நல்ல நாள் பார்த்து ஒரு மோட்டார் சைக்கிளுக்குத் தாலி கட்டுவேன் என்பார்.

வேலை கூடியபோது சாரங்கனைச் சேர்த்துக்கொண்டார். வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் இருந்தான், முப்பது வயது, யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் கராஜில் நின்றவன். கைத்திறமைக்குக் குறைவில்லை, ரோசத்துக்கும் குறைவில்லை. சேர்ந்த மூன்றாவது வாரம் நேராகவே கேட்டுவிட்டான்.

"நான் செய்யிறதையெல்லாம் திருப்பித் திருப்பிப் பாக்கிறியள் அண்ணை. என்னில நம்பிக்கை இல்லையோ?"

தியாகுவுக்கு அது சுருக்கென்று தைத்தது. இனிமேல் நீ முடித்த வேலையில் நான் கை வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஆள் அவர். அந்த நல்ல குணம் மட்டும் அவருக்கு இல்லாமல் போயிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் டெரிக் வந்தான். கடைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் குடியிருக்கிறவன். காலையில் மகள் றஷ்மியைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, அப்படியே பேலியகொடைக்குப் போய் மீன் எடுத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பது அவன் தொழில். மழைக்காலத்தில் பின்சக்கரம் வாரியடிக்கிற சேறு பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் முதுகுவரை ஏறிவிடும். அவன் மனைவி ரூபிகா தினமும் அதை ஊறப்போட்டுத் தேய்த்து அலுத்துப் போயிருந்தாள். அதற்காகத்தான் ஒரு ஹக்கர் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். சக்கரத்தோடு ஒட்டி நின்று சேற்றைத் தடுக்கிற சின்ன மட்காட் அது.

வண்டியோடு வராத சாமானை மாட்டுவதற்குப் பொறுமை வேண்டும். முதலில் நான்கு போல்ட்டையும் கையாலேயே தளர்வாகப் போட்டு ஹக்கரை நிறுத்த வேண்டும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, டயருக்கும் அதற்கும் நடுவே எல்லா இடத்திலும் ஒரு விரல் இடைவெளி இருக்கிறதா, செயினில் உரசுகிறதா என்று பார்த்து, தேவையான இடத்தில் வாசர் வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, புரியில் நீலப் பசை ஒரு சொட்டு விட்டு, முழு இறுக்கு இறுக்க வேண்டும். பசை காய்ந்தால் எந்த ஆட்டத்துக்கும் போல்ட் அசையாது. இந்தக் கடைசி வேலைக்குத் தியாகு வைத்திருந்த பெயர் பூட்டுறது. கதவைப் பூட்டுகிற மாதிரித்தான், பூட்டிய பிறகு அது திறக்காது.

சாரங்கன் ஹக்கரைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, புறக்கோட்டையிலிருந்து சாமான் ஏற்றிய ஓட்டோ வாசலில் வந்து நின்றது. நீயே பூட்டிடு என்று சொல்லிவிட்டுத் தியாகு சாமான் இறக்கப் போனார். அவர் திரும்பி வந்தபோது சாரங்கன் சாப்பாட்டுக்குப் போவதற்குக் கை கழுவிக்கொண்டிருந்தான்.

"பூட்டியாச்சா?"

"ஓம் அண்ணை, பூட்டியாச்சு."

அவன் போய்விட்டான். தியாகுவின் கை பழக்கதோஷத்தில் ஸ்பேனரை எடுத்தது. முந்தின நாள் கொடுத்த வாக்கு நினைவுக்கு வர, எடுத்ததைத் திரும்ப வைத்தார். டெரிக் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

நான்காம் நாள் காலை மழை. மகளை இறக்கிவிட்டுப் பேலியகொடைப் பக்கம் பாலம் ஏறும்போது டெரிக் விழுந்தான். பின்னால் வந்த லொறிக்காரனால் நிறுத்த முடியவில்லை. மழையில் சறுக்கிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். தியாகுவும் அப்படித்தான் சொன்னார், சவப்பெட்டிக்குத் தோளும் கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்து ரூபிகா வண்டியைக் கடைக்கு ஏற்றி வந்தாள். திருத்தித் தந்தால் விற்றுவிடலாம் என்றாள். போகிற நேரத்தில், கேட்காமலே, றஷ்மியைப் பற்றிச் சொன்னாள். அன்று காலை பிள்ளை சப்பாத்தைத் தேடித் தேடிப் பிந்திவிட்டதாம். அதனால்தான் அப்பா வேகமாகப் போனார், அப்பாவை நான்தான் கொன்றேன் என்று சொல்கிறாளாம். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, ஒழுங்காகச் சாப்பிடுவதுமில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை.

அவள் போனதும் தியாகு வண்டிக்குப் பக்கத்தில் குந்தினார். ஹக்கர் உடைந்து டயருக்குள் செருகிக்கிடந்தது. இரண்டு போல்ட்டைக் காணவில்லை. மிச்சம் இரண்டும் விரலாலேயே சுற்றின. கழற்றிப் பார்த்தார். புரியில் நீலம் இல்லை.

சாரங்கனைக் கூப்பிட்டு, பூட்டியாச்சு என்றுதானே சொன்னாய் என்று கேட்டார்.

"ஓம், பூட்டினனான்தானே. நாலு போல்ட்டும் போட்டுப் பூட்டி விட்டனான். வேலை முடிஞ்சுதெண்டு நான் சொல்லேல்லையே, நீங்கள் வந்து இறுக்குவியள் எண்டெல்லோ நினைச்சனான்."

யாழ்ப்பாணத்துக் கராஜில் ஒரு பாகத்தை அதன் இடத்தில் மாட்டினாலே பூட்டியதுதான். இறுக்குவது வேறு வேலை. சேர்ந்த நாளிலிருந்து அவனுடைய யாழ்ப்பாணத்து 'எண்டு'வையும் இவருடைய கொழும்பு 'என்னாப்பா'வையும் ஒருவருக்கொருவர் கேலி செய்து சிரித்தவர்கள், இந்த ஒரு சொல்லை மட்டும் கவனிக்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்த சொல் என்பதால் அது என்ன என்று யாரும் கேட்கவில்லை. சாரங்கன் சுவரோடு சாய்ந்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து, மழை எண்டுதானே சனம் நினைக்குது, விடுங்கோ அண்ணை என்று கெஞ்சினான். வெளியே தெரிந்தால் பொலிஸ் வரும், கடை போய்விடும், முப்பது வருடப் பெயரும் போய்விடும். அவன் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. தியாகுவும் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் அதையேதான் யோசித்தார். பிள்ளையின் நினைப்பு வரும்போதெல்லாம் சோறு இறங்கவில்லை. அது அந்தப் பழியைக் கிழவியாகிற வரைக்கும் சுமக்கும் என்று அவருக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் ரூபிகாவின் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சாரங்கனின் பெயரைச் சொல்லவில்லை. என் கடையில் நடந்த பிழை, நான் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை என்றார். பொலிசுக்குப் போவதென்றால் தானே கூட வருவதாகவும் சொன்னார். ரூபிகா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அடித்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டாள்.

"இவளுக்கும் சொல்லுங்க அண்ணே. உங்க வாயாலயே சொல்லுங்க."

தியாகு முழங்காலில் இருந்து சொன்னார். போல்ட், பசை, சக்கரம் எல்லாவற்றையும், பெரிய ஆளுக்குச் சொல்வது மாதிரியே சொன்னார். றஷ்மி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அப்பா வேகமாப் போகலையா?"

"வேகத்தால இல்லம்மா. மெதுவாப் போயிருந்தாலும் அது டயருக்குள்ள போய்ச் சக்கரம் சிக்கியிருக்கும்."

"யார் பூட்டியிருக்கணும்?"

"நான்தான்."

பிள்ளையின் வாய் கோணியது. பிறகு, இத்தனை நாள் வராத அழுகை வீடு அதிர வந்தது. ரூபிகா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு தானும் அழுதாள். தியாகு முழங்காலில் இருந்தபடியே இருந்தார். கடைசியில் ரூபிகா தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

"போங்க அண்ணே. பிள்ளை அழட்டும். இனி இந்தப் பக்கம் வராதீங்க."